ஏழு லட்ச ரூபாய் எஸ்டிமேட்டும் ஒரு பழைய 520டியும்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் திருப்பூரில் நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறார். கார் 2013 மாடல் பிஎம்டபிள்யூ 520டி. 2014 ஜனவரியில் கொச்சியில் பதிவானது. 2020-ல் பதினைந்தரை லட்சத்துக்கு வாங்கித் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்றியிருக்கிறார். இப்போது 1,22,000 கிலோமீட்டர். காலையில் இன்ஜினின் பின்பக்கம் ஒரு கரகரப்பு, கியர் மாறும்போது உதறல், கீழே ஆயில் சொட்டு, வேகத்தடையில் முன்பக்கம் கடகட. ஒரு பெரிய சர்வீஸ் சென்டர் 7.1 லட்சம் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறது. கோவையில் ஒரு வெளி ஒர்க்‌ஷாப் 2.9 லட்சம் என்கிறது. புரோக்கர் ஒருவர் இப்படியே 4.75 லட்சத்துக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். வீட்டுக்கு இது ஒன்றுதான் கார். அடுத்த ஆவணியில் மகள் கல்யாணம். வைத்துக்கொள்வதா, தள்ளிவிடுவதா?

நான் கோவையில் 28 வருஷம் ஸ்பேர் பார்ட்ஸ் கடை நடத்தியவன். மெக்கானிக் இல்லை. ஆனால் மெக்கானிக்குகள் எழுதி அனுப்பும் சீட்டுகளை ஆயிரக்கணக்கில் பார்த்தவன். எந்தச் சீட்டு வண்டியைப் பிரித்துப் பார்த்து எழுதியது, எது சத்தத்தைக் கேட்டு ஊகத்தில் எழுதியது என்று படித்தாலே ஓரளவு தெரியும். நீங்கள் அனுப்பிய 7.1 லட்சத்துத் தாள் இரண்டாவது வகை. அதனால் ‘வைத்துக்கொள்வதா, விற்பதா’ என்பதற்கு முன்னால் வேறு ஒரு வேலை இருக்கிறது.

நீங்கள் நிட்டிங் ஓட்டுபவர், உங்கள் பாஷையிலேயே சொல்கிறேன். துணியில் நீளவாக்கில் ஒரு கோடு விழுந்தால் என்ன செய்வீர்கள்? மெஷினை நிறுத்தி, கோடு வரும் இடத்தில் ஊசியைப் பார்ப்பீர்கள். கொக்கி வளைந்திருந்தால் ஒரு ஊசி மாற்றி ஓட்டுவீர்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால்தான் சிலிண்டர் பக்கமே போவீர்கள். வந்தவுடன் சிலிண்டரை மாற்றச் சொல்கிற ஃபிட்டரை மறுபடி கூப்பிட மாட்டீர்கள். உங்கள் எஸ்டிமேட்டில் சிலிண்டர்தான் எழுதியிருக்கிறது. டைமிங் செயினை, அதாவது வால்வுகளை பிஸ்டனோடு ஒத்து ஓட வைக்கும் சங்கிலியை, இன்ஜினை இறக்கி மாற்ற 3.4 லட்சம். கியரை மாற்றும் மூளையான கியர்பாக்ஸ் மெக்கட்ரானிக் யூனிட் 2.6 லட்சம். மீதி 1.1 லட்சம்தான் கண்ணால் பார்த்து எழுதியது.

செயின் விஷயம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியது. உங்கள் காரில் இருப்பது என்47 என்கிற இரண்டு லிட்டர் டீசல் இன்ஜின், 2007-ல் வந்தது. இதில் டைமிங் செயின் முன்பக்கம் இல்லை, பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. அதனால்தான் ஒரு செயினுக்கு இவ்வளவு கூலி. செயின் தளர்ந்து, அதைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடு தேய்ந்து உடைகிற புகார் இந்த இன்ஜினுக்கு உலகம் முழுக்க உண்டு. ஆனால் அந்தப் புகார்களில் பெரும்பகுதி முதல் சில வருஷ இன்ஜின்களைப் பற்றியது. 2013 வண்டியில் வரவே வராது என்று சொல்ல மாட்டேன். கேட்டவுடன் ‘செயின்’ என்று முடிவு கட்டவும் மாட்டேன்.

சத்தத்தில் வித்தியாசம் இருக்கிறது. இரவெல்லாம் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு விநாடி கரகரத்துவிட்டு அடங்கினால், ஆயில் பிரஷர் ஏறும்வரை, செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் போடும் சத்தமாக இருக்கலாம். சூடான பிறகும், ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதித்து 1,500 முதல் 2,000 ஆர்.பி.எம்.முக்குள் கொண்டுபோகும்போது, தகரத்தை அரத்தால் ராவுகிற மாதிரி வேகத்தோடு கூடவே ஏறி இறங்கினால் கவலைப்பட வேண்டியது. இன்ஜின் முன்பக்கக் கிராங்க் புல்லியின் ரப்பர் விட்டுப்போயிருந்தாலும், எக்ஸாஸ்டின் வெப்பத் தடுப்புத் தகடு தளர்ந்திருந்தாலும் ஏறக்குறைய இதே மாதிரி கேட்கும். பானட்டுக்குள் சத்தம் சுற்றிச் சுற்றி வரும். காது மட்டும் போதாது.

நிச்சயப்படுத்த மூன்று வேலைகள் இருக்கின்றன. ஸ்டெதஸ்கோப் வைத்துப் பின்பக்கமும் முன்பக்கமும் கேட்பது முதல் வேலை. அந்தக் கம்பெனி வண்டிகளுக்கான ஸ்கேனரில், பிஸ்டனோடு சுற்றும் கிராங்க், வால்வைத் திறக்கும் கேம் இரண்டின் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது இரண்டாவது. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: ஆயில் ஃபில்டரைக் கழற்றி, மடிப்பு மடிப்பாக விரித்து, வெள்ளைத் துணியில் தட்டிப் பார்ப்பது. கைடு உடையத் தொடங்கியிருந்தால் நகக்கண் அளவுக்குப் பிளாஸ்டிக் துணுக்குகள் கிடைக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பை இறக்கிப் பார்க்கலாம். ஃபில்டரை விரித்துப் பார்க்காமல் செயின் என்று எழுதிய எஸ்டிமேட்டுக்கு நான் அட்வான்ஸ் கொடுக்க மாட்டேன். இதற்கெல்லாம் சேர்த்து எட்டாயிரம், பத்தாயிரம் கேட்பார்கள். பேரம் பேசாமல் கொடுங்கள்.

அதுவரை வண்டியை ஓட்டாதீர்கள். செயின் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும், இன்ஜினே போய்விடும். அப்புறம் புரோக்கரின் 4.75 லட்சம் ஒன்றரை லட்சமாகிவிடும். கோவைக்குக் கொண்டுவருவதும் வண்டியை முழுசாக மேலே ஏற்றும் லாரியில்தான். பின்சக்கரத்தில் இழுக்கிற ஆட்டோமேட்டிக் வண்டி இது; பின்சக்கரம் ரோட்டில் உருண்டபடி கயிறு கட்டி இழுத்து வந்தால் கியர்பாக்ஸுக்குப் புதுச் செலவு.

கியர்பாக்ஸ் விஷயத்தில் எனக்கு நம்பிக்கை அதிகம். அது இசட்.எஃப். என்கிற கம்பெனி தயாரித்த எட்டு கியர் பெட்டி, நல்ல பெட்டி. ‘ஆயுசுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம்’ என்று கார் கம்பெனி சொல்லும். பெட்டியைச் செய்த இசட்.எஃப்., 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், இல்லாவிட்டால் அதிகபட்சம் 8 வருஷத்தில் மாற்றச் சொல்கிறது. இதில் யாரை நம்புவது என்று என்னைக் கேட்டால், சோறாக்கினவளுக்குத்தான் உப்பு தெரியும். உங்கள் வண்டிக்கு 12 வயது, ஒருமுறைகூட மாற்றவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆயில் பழசானாலும் குறைந்தாலும் உதறத்தான் செய்யும். குறைந்திருக்கவும் வாய்ப்புண்டு. இந்தப் பெட்டியின் அடிச்சட்டி பிளாஸ்டிக், ஃபில்டரும் அதோடு சேர்ந்தே இருக்கிறது. வருஷம் போனால் சட்டி வளைந்து ஓரத்தில் கசியும். மெக்கட்ரானிக்குக்கு வயர் போகிற இடத்தில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் ஸ்லீவிலும் கசியும். நீங்கள் கீழே பார்த்த சொட்டில் ஒரு பங்கு இதுவாகவே இருக்கலாம். சட்டி, ஸ்லீவ், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து வெளியில் ஐம்பதாயிரத்துக்குள் முடியும். ஆயில் ஊற்றும்போது பெட்டியின் சூட்டை ஸ்கேனரில் பார்த்தபடியே அளவை சரிசெய்ய வேண்டும், டிப்ஸ்டிக் கிடையாது. ‘அளவு போட்டு ஊத்திட்டேங்ணா’ என்கிற ஆளிடம் கொடுக்காதீர்கள். இதைச் செய்து, கியர் அடாப்டேஷனை, அதாவது பெட்டி பழகி வைத்திருக்கும் அளவுகளை, ரீசெட் செய்து, ஐநூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகும் உதறினால்தான் 2.6 லட்சத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

பெரிய சர்வீஸ் சென்டர் ஏமாற்றுகிறது என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் செய்த வேலைக்கு அவர்கள் பொறுப்பு. ஸ்லீவ் மாற்றிக் கொடுத்து மறுமாதம் நீங்கள் போய்ச் சண்டை போட்டால் அவர்களுக்குத்தான் தலைவலி, அதனால் மொத்த யூனிட்டாக எழுதுகிறார்கள். மூன்று வருஷத்து வண்டிக்கு அது சரி. பன்னிரண்டு வருஷத்து வண்டிக்குக் கட்டுப்படியாகாது. இன்னொன்று, அந்தத் தாளின் தேதி 2025 ஜூலை. 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. அதில் பாகங்கள் மட்டும் வரியோடு 5.2 லட்சம். இன்றைய வரியில் போட்டால் நாற்பதாயிரம் குறையும். எங்கே செய்தாலும் சரி, புது எஸ்டிமேட் வாங்குங்கள். வண்டி யூனிட் பெயரில் இருந்தாலும் இந்தப் பில்லுக்கு இன்புட் கிரெடிட் வராது, கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ள முடியாது. அதைக் கணக்கில் வைத்து மனசைத் தேற்றிக்கொள்ள வேண்டாம்.

வெளி ஒர்க்‌ஷாப்பின் 2.9 லட்சம் எனக்கு நியாயமாகத்தான் தெரிகிறது. செயின் வேலைக்கு 1.45, கியர்பாக்ஸுக்கு 50 ஆயிரம், முன்பக்க லோயர் ஆர்ம்களுக்கு 55, இன்ஜின் மவுண்ட், ஆயில் கசிவு கேஸ்கெட்டுகளுக்கு 40. பார்ட்ஸ் என்ன போடப்போகிறார்கள் என்று எழுதி வாங்குங்கள். கார் கம்பெனி லோகோ இல்லாத டப்பா என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை. லெம்ஃபோர்டர் ஆர்மும் சாக்ஸ் ஷாக் அப்சார்பரும் கம்பெனி டப்பாவில் ஒரு விலை, சொந்த டப்பாவில் ஒரு விலை. அந்த இரண்டு பிராண்டுமே அந்த இசட்.எஃப். வீட்டுப் பிள்ளைகள்தான். சேஸிஸ் நம்பரின் கடைசி 7 எழுத்தைப் போட்டால் உங்கள் வண்டிக்கான பார்ட் நம்பர் இணையத்தில் வந்துவிடும். அதைக் கையில் வைத்துக்கொண்டு பில்லோடு ஒப்பிடுங்கள். நான் கடையில் உட்கார்ந்திருந்த காலத்தில் பார்ட் நம்பரோடு வந்த ஆளிடம் விலையை ஏற்றிச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கும்.

கோவையில் வெளி ஒர்க்‌ஷாப்பை நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஜி.டி. நாயுடு 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சி–பழனி ரூட்டில் ஓட்டத் தொடங்கிய ஊர்ப்பக்கம் இது. பிரித்துப் பார்க்கும் புத்தி எங்களுக்குத் தண்ணியிலேயே இருக்கிறது என்று பெருமையடித்துக்கொள்வோம். கணபதி, பீளமேடு பக்கம் லேத்து வேலைக்கு ஆள் பஞ்சமில்லை, செட்டிபாளையத்தில் ரேஸ் டிராக்கே இருக்கிறது. நல்ல கைகள் உண்டு. ஆனால் அதே பெருமையில் ‘எல்லா வண்டியும் ஒண்ணுதாங்க’ என்று கிளம்புகிற கைகளும் உண்டு. ‘இந்த இன்ஜினில் பின்பக்க செயின் எத்தனை போட்டிருக்கிறீர்கள், கடைசியாகப் போட்ட வண்டி யாருடையது, அவரிடம் பேசலாமா’ என்று கேளுங்கள். முகம் சுளிக்காமல் நம்பர் கொடுப்பவர் போதும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என்னிடமும் ஒரு ஜெர்மன் கார் ஆறு வருஷம் இருந்தது, ஏர் சஸ்பென்ஷன் வைத்தது, ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பை தாங்கும். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. தினமும் காலையில் முன்பக்கம் ஒருபுறம் குனிந்து, கன்றுக்குட்டி மண்டி போட்ட மாதிரி நிற்கும். ஸ்டார்ட் செய்தால் எழுந்துகொள்ளும். ‘கம்ப்ரசர் போச்சு’ என்றார்கள். மாற்றினேன். எட்டே மாதத்தில் மறுபடி அதே கம்ப்ரசர் எரிந்தது. இரண்டாவதையும் மாற்றினேன், ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன் எனக்கு வெட்கம் வேறு. கடைசியில் ஒரு தகரக் கொட்டகை ஒர்க்‌ஷாப்பில் இருபத்திரண்டு வயசுப் பையன், பிளாஸ்டிக் மக்கில் துணி சோப்பைக் கரைத்து, பெயின்ட் பிரஷ்ஷால் முன்பக்க ஏர் பெல்லோஸின், அதாவது அந்த ரப்பர் பையின், மடிப்பில் தடவினான். அரை நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் மடிப்பின் உள்பக்கத்தில் மிளகு அளவு ஒரு குமிழி, அது உடைந்ததும் இன்னொன்று. அந்த ஊசித் துளையில் காற்று போகப் போக, கம்ப்ரசர் இரவு பகலாக ஓடி ஓடிச் செத்திருக்கிறது. இரண்டு கம்ப்ரசர் காசும் போனது பத்து ரூபாய் சோப்பு வாங்காததால். அன்றிலிருந்து எந்த எஸ்டிமேட்டைப் பார்த்தாலும் எனக்கு அந்தச் சோப்பு மக்குதான் ஞாபகம் வரும்.

கொச்சி வண்டி என்பதால் ஒரு வார்த்தை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்தில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. துடைத்துக் கழுவிப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் வந்தவையும் உண்டு. உங்கள் வண்டி அப்படி என்று சொல்லவில்லை. லிஃப்டில் ஏற்றும்போது சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து மண் கறை இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மாடலில் பேட்டரி டிக்கிக்குள் இருக்கிறது, அதன் அடியிலும் கார்ப்பெட்டுக்குக் கீழேயும் வண்டல் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளம் பார்த்த வண்டி என்று தெரிந்தால் மேலே சொன்னது கீழே சொல்லப்போவது எல்லாவற்றையும் மறந்துவிட்டு 4.75-ஐ வாங்கிக்கொள்ளுங்கள். கனெக்டர் துரு ஒவ்வொன்றாகத் தலைகாட்டும், அதற்கு முடிவே இருக்காது.

இனி கணக்கு. ‘இதுவரை நாலு லட்சம் போட்டுட்டேன், இப்ப வித்தா அது வீணாப் போகும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நாலு லட்சம் ஏற்கெனவே போய்விட்டது, அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ‘அஞ்சு லட்சத்து வண்டிக்கு மூணு லட்சம் ரிப்பேரா’ என்று மச்சான் கேட்பதையும் சேர்க்காதீர்கள், அதுவும் தப்பான கணக்குதான். இன்றிலிருந்து மூன்று வருஷம் கார் வைத்துக்கொள்ள மாதம் எவ்வளவு ஆகும் என்பதுதான் சரியான கேள்வி. மூன்று வருஷம் ஏன் என்றால் உங்கள் ஆர்.சி. 2029 ஜனவரியில் 15 வருஷம் முடிகிறது. அதற்குப் பிறகு எஃப்.சி. காட்டி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். நம் பக்கம் டெல்லி மாதிரி பத்து வருஷ டீசல் தொல்லை இல்லை. ஆனால் விலை அந்தத் தேதியை ஒட்டி நன்றாக இறங்கும்.

வெளியில் ரிப்பேர் செய்து வைத்துக்கொண்டால்: இன்று கிடைக்கும் 4.75-ஐ விடுகிறீர்கள், ரிப்பேர் 2.9. மூன்று வருஷப் பராமரிப்பு 2.7. அதாவது பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு ஆயில் சர்வீஸ் வீதம் ஐம்பதாயிரம், ஒரு செட் டயர் எண்பத்தைந்து, பிரேக் நாற்பத்தைந்து, பேட்டரி இருபத்தைந்து, மீதி சொல்லாமல் வரும் விருந்தாளிக்கு. கடைசியில் விற்றால் 3 லட்சம் என்று வைப்போம். ஆக 7.35 லட்சம், மாதம் சுமார் 20,000. இதையே 7.1 லட்சத்துக்கு ரிப்பேர் செய்தால் மாதம் 32,000.

விற்றுவிட்டுப் புதிதாகப் பதினைந்து லட்சத்து எஸ்.யு.வி. எடுத்தால்? தமிழ்நாட்டில் பத்திலிருந்து இருபது லட்சம்வரை 18 சதவீத ரோடு டாக்ஸ், அதுவே 2.7 லட்சம். இன்ஷூரன்ஸோடு சேர்த்து 18.4 வரும். மூன்று வருஷத்தில் 11-க்கு விற்கலாம். லோன் வட்டி இரண்டு லட்சம், சர்வீஸ் அரை லட்சம். மாதம் 27,500. புதுசு வாங்கினால் மிச்சம் என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

நாலைந்து வருஷம் ஆன ஹோண்டா சிட்டி மாதிரி ஒன்றை எட்டு லட்சத்துக்கு எடுத்தால்? மூன்று வருஷம் கழித்து ஐந்தேகால் வரும். பராமரிப்பு, கொஞ்சம் வட்டி எல்லாம் சேர்த்து மாதம் 11,000-க்குள் முடிந்துவிடும். பெட்ரோல், டீசல் செலவை எதிலும் சேர்க்கவில்லை; இன்ஷூரன்ஸும் புது வண்டி வாங்கும்போது கட்டுவதைத் தவிர எதிலும் இல்லை. இதெல்லாம் கைக்கணக்குதான், உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். ஆனால் வரிசை மாறாது. பணம் மட்டும்தான் பேச்சு என்றால் பழைய சிட்டிதான் ஜெயிக்கும், எப்போதும் ஜெயிக்கும். 520டியை வைத்துக்கொள்வது ஓர் ஆசை. அந்த ஆசையின் விலை மாதம் பத்தாயிரம் ரூபாய். தொண்ணூறில் போகும்போது அந்த வண்டி ரோட்டைக் கவ்விக்கொண்டு போவதற்கு மாதம் பத்தாயிரம் கொடுப்பீர்களா? கொடுப்பேன் என்றால் அதில் தப்பொன்றுமில்லை. நான் ஆறு வருஷம் கொடுத்தேன், சோப்புக் கதை போக மீதிக்கு வருத்தமில்லை.

இந்தக் கணக்கில் வராத ஒன்று இருக்கிறது, நீங்கள் எழுதாமல் விட்டது. திருப்பூரில் பி.எம்.டபிள்யூ.வை விற்றுவிட்டு சிட்டியில் வந்து இறங்கினால் ‘யூனிட்டுக்கு என்னாச்சு’ என்று பேச்சு கிளம்பும். நூல்காரர் முகத்தில் தெரியும். முப்பது நாள் தவணை இருபதாகும். இதை வெட்டி கௌரவம் என்று ஒதுக்க நான் தயாரில்லை. உங்கள் தொழிலில் நம்பிக்கையும் ஒரு முதல்தான். அதேசமயம் அந்த வண்டி அவிநாசி ரோட்டில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வாரத்துக்கு ஒருமுறை நின்றால் அதையும் நாலு பேர் பார்ப்பார்கள். சனிக்கிழமை கூலி தவறாமல் போடுகிறவரை ஊர் ரொம்ப நாள் பேசாது என்பது என் அனுபவம்.

சரி, கல்யாணத்துக்கு வருவோம். கல்யாண நாளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அன்றைக்கு எப்படியும் நாலு இன்னோவா வாடகைக்கு எடுப்பீர்கள். எனக்கு அதற்கு முந்தின இரண்டு மாதம்தான் உறுத்துகிறது. நம் பக்கம் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால் யார் வருவார்கள்? காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், ஒட்டன்சத்திரம், கரூர் என்று பங்காளி வீடு, மாமன் வீடு எல்லாம் நேரில் போய்த் தாம்பூலத்தோடு வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு கிலோமீட்டர், பாதி தோட்டத்துத் தடம். அந்த இரண்டு மாதமும் வண்டி நிற்கக் கூடாது, நின்றால் மாற்றும் இல்லை.

அதனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வது இது. முதலில் அந்தப் பத்தாயிரத்துக்குச் சோதனை. செயின் நன்றாக இருந்தால் மீதி வேலைக்கு 1.45 லட்சம்தான் ஆகும். செய்துவிட்டு வைத்துக்கொள்வேன். அப்போது ஆசையின் விலையும் மாதம் ஆறாயிரம்போல இறங்கிவிடும். கல்யாணம் முடிந்து மனசு மாறினாலும் நஷ்டமில்லை. நல்ல ஓட்டத்தில் இருக்கும் இதே மாடலுக்கு ஏழு, ஏழரை கேட்கலாம் என்று உங்கள் புரோக்கரே சொல்லியிருக்கிறார். ஒன்றரை லட்சம் போட்டு இரண்டேகாலிலிருந்து இரண்டேமுக்கால்வரை ஏறுகிறது. சோதனை அறிக்கையும் பில்லும் கையில் இருந்தால் அந்த விலை நிற்கும்.

செயின் போயிருந்தால் விற்றுவிடுவேன், ரிப்பேர் செய்யாமல், அப்படியே. 2.9 போட்டால் விலை அதிகபட்சம் 2.75 ஏறும், அலைச்சலுக்குக் கூலிகூட மிஞ்சாது. மூன்று வாரம் வண்டி இருக்காது. இன்ஜின் ஒருமுறை இறங்கி ஏறிய வண்டி, சின்னச் சின்னக் குறைகள் அடங்க இன்னும் ஒரு மாதம் எடுக்கும். கல்யாண வருஷத்தில், ஒரே கார் வைத்திருக்கும் வீட்டுக்கு இது வேண்டாம். வீட்டில் இன்னொரு கார் இருந்திருந்தால் என் பதில் வேறு. அப்போது செயினையும் போட்டுவிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். போர்வெல் மோட்டாரை மேலே எடுத்தால் பைப், கேபிள், வாஷர் எல்லாவற்றையும் ஒரே தடவையில் பார்த்துவிடுவோமே, அப்படி பின்பக்க ஆயில் சீல், மவுண்ட், கியர்பாக்ஸ் சட்டி எல்லாம் ஒரே கூலியில் முடிந்துவிடும்.

விற்பதானால் குறையை மறைக்காமல் எழுதிக் கொடுத்தே விற்றுவிடுங்கள். புரோக்கரின் 4.75 அவருடைய முதல் விலை. இந்த வண்டிகளை மட்டுமே எடுத்துச் செய்து விற்பவர்கள் கோவையில் இருக்கிறார்கள். சோதனை அறிக்கையைக் காட்டினால் ஊகத்துக்காகப் பிடித்து வைத்த தொகையைக் கொஞ்சம் விடுவார்கள். பணம் வந்த அன்றே ஆர்.சி. பெயர் மாற்றத்துக்குக் கையெழுத்து போட்டு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் மாறாத வண்டி எங்கேயாவது இடித்தால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

எந்த வழியானாலும் கல்யாணத்துக்கு எடுத்துவைத்த பணத்தில் கை வைக்காதீர்கள். வைத்துக்கொள்வதாக முடிவானால் ஒன்றரை லட்சத்தைத் தனியாக பேங்கில் போட்டு, அது வண்டிக்கு என்று வீட்டிலும் சொல்லிவிடுங்கள். இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், தேய்மானத்துக்கும் இந்த மாதிரி இன்ஜின் கோளாறுக்கும் அதில் பத்து பைசா வராது.

சோதனைக்கு அனுப்பும்போது காலையில் கொண்டுபோய் விட்டால் பிரயோஜனமில்லை. முந்தின நாள் சாயங்காலமே லாரியில் இறக்கி, இரவு முழுக்க ஒர்க்‌ஷாப்பிலேயே நிற்கட்டும். காலையில் முதல் ஸ்டார்ட் போடும்போது நீங்களும் பக்கத்தில் இருக்க வேண்டும். வாட்ச்மேனிடமும் சொல்லி வையுங்கள், இடத்தை மாற்றி நிறுத்துகிறேன் என்று ஆறு மணிக்கே யாராவது ஸ்டார்ட் செய்துவிட்டால் அந்த நாள் போச்சு.